ஜாக்கி விழுங்கிய நாலு சாண்

போன வாரம் என் மகள் யாழினியைச் சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். ராஜஸ்தான் பாலைவனத்தில் ஓடும் பெரிய கால்வாயில் பழுதான தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போடுகிறார்கள். அங்கே அவளுக்கு சைட் எஞ்சினியர் வேலை. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இந்தியாவிலேயே பெரிது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். எனக்கு அந்த நீளம்தான் கவலை. அதில் எந்த இடத்தில் நின்று வெயிலில் காய்கிறாளோ!

நேற்று போன் செய்தாள்.

“அம்மா, சாப்பாட்டு நேரத்துல நம்ம கால்வாய்க் கதையைச் சொன்னேன். யாருமே நம்பல. வீட்டையாவது, தூக்கறதாவதுன்னு சிரிக்கிறாங்க. நீ எழுதி அனுப்பு. நான் இந்தியில சொல்லிக்கிறேன்.”

“சாப்பிட்டியா?”

“அம்மா, கதை.”

“வெயில்ல தொப்பி போட்டுக்கிறியா?”

“கதை!”

ஆகவே எழுதுகிறேன். என்னோடு வேலை பார்த்த இளையவர்கள் சிலரும் முன்பே கேட்டிருந்தார்கள். இனி அவர்கள் யாழினியிடம் வாங்கிப் படித்துக்கொள்ளட்டும்.

நீர் சம்பந்தப்பட்ட அரசு அலுவலகம் ஒன்றில் பொறியாளராக இருந்தேன். ஏரிக்கரையும் கால்வாய்க்கரையும் ஏறி இறங்கி முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால், ஐம்பத்து நாலு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பகலெல்லாம் வெயில், மாலையில் வகுப்பு. வகுப்பில் உலகத்தின் நீளமான கால்வாய்களை எப்படி வெட்டினார்கள் என்று ஒரு பாடம் உண்டு. அதை மட்டும் நான் தூங்காமல் கேட்டேன்.

எல்லாவற்றிலும் நீளமானது சீனாவின் பெருங்கால்வாய். ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல். ஒரே அரசர் ஒரே மூச்சில் வெட்டியதல்ல. ஒருவர் வெட்டிய துண்டை இன்னொருவர் நூற்றாண்டு கழித்து வேறொரு துண்டோடு இணைத்திருக்கிறார். மேட்டைக் கடக்க, இரண்டு கதவுகளுக்கு நடுவில் தண்ணீரை நிரப்பிப் படகைப் படிப்படியாக ஏற்றினார்கள். மத்திய ஆசியப் பாலைவனத்தில் ஒரு கால்வாய் உண்டு. தளம் போடாமல் மணலிலேயே ஓடவிட்டதால், வயலுக்குப் போகும் முன்பே மண் நிறையக் குடித்துவிடும். சூயஸில் முதலில் கூடையும் மண்வெட்டியும், பிறகுதான் நீராவி இயந்திரம். யாழினி இப்போது போயிருக்கும் கால்வாய்க்குக் கழுதைகளும் ஒட்டகங்களும் மண் சுமந்திருக்கின்றன. அன்று தோண்டிய பள்ளத்தைக் காற்று மறுநாளே தூர்த்துவிட்டுப் போகுமாம்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான சங்கதி ஒன்று உண்டு. எந்தக் கால்வாயையும் ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரை வரிசையாக வெட்டிக்கொண்டு போவதில்லை. துண்டு துண்டாக, இரண்டு பக்கமிருந்தும் வெட்டி வருவார்கள். நடுவில் ஒரு மண்சுவர் மட்டும் மிஞ்சும். அதைக் கடைசியில் உடைப்பார்கள். உடைக்கும் நாளில் பொறியாளர்கள் யாருக்கும் சோறு இறங்காது.

எங்கள் கால்வாய் எந்த உலகப் பட்டியலிலும் வராது. மொத்தமே நாலு கிலோமீட்டர். கோவில்பதாகைப் பக்கம் தாழ்வான தெருக்களில் தேங்கும் மழைநீரை வெள்ளானூர்ப் பக்கமாகக் கொண்டுபோய் ஓர் ஓடையில் விடவேண்டும். கிலோமீட்டருக்கு ஒரு சாண்தான் இறக்கம். ஆக மொத்தம் நாலு சாண், அதாவது மூன்று அடி. இந்த மூன்று அடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாழ்வான தெருக்களில் ஒன்றில்தான் எங்கள் வீடும் இருந்தது. தரைத்தளம். யாழினி அப்போது ஐந்தாம் வகுப்பு. ஒவ்வொரு ஐப்பசிக்கும் அவள் புத்தகப் பையைப் பரணில் ஏற்றிவிடுவேன். மழைத்தூறல் சத்தம் கேட்டாலே எழுந்து தரையைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. இந்தக் கால்வாய் வந்துவிட்டால் நிம்மதி என்றிருந்தோம்.

வேலைக்குப் பொறுப்பு எங்கள் செயற்பொறியாளர் ஜமால் சார். பூந்தமல்லிக்காரர். ஒல்லியான உருவம், மெல்லிய குரல். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. யாராவது தப்பு செய்துவிட்டால் பிஸ்கட் கொடுப்பார். மேரி பிஸ்கட் என்றால் சின்னத் தப்பு. கிரீம் பிஸ்கட் என்றால் வேலையைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அவர் பையைத் திறந்தாலே ஒப்பந்தக்காரர்கள், “வேணாம் சார், இப்பதான் சாப்பிட்டேன்” என்று பின்வாங்குவார்கள்.

அம்பத்தூரில் ஒரு முறை புதிதாகக் கட்டிய வடிகாலைப் பார்க்கப் போனோம். தண்ணீர் ஓடும் வாட்டம் பிரமாதமாக வந்திருக்கிறது என்று ஒப்பந்தக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். சார் கையிலிருந்த டீயை வடிகாலில் ஊற்றிவிட்டு உட்கார்ந்தார். டீ கொஞ்சம் யோசித்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, ஒப்பந்தக்காரரின் ஷூவை நோக்கி வந்தது.

“கிரீம் பிஸ்கட் எடுத்துக்குங்க” என்றார் சார்.

அவருக்கு இன்னொரு வழக்கம். எந்த அளவைக் காட்டினாலும், “ரெண்டாவது சாட்சி யாரு?” என்பார். எங்கள் தொழிலில் உயரத்தை அளக்க ஒரு நிலையான இடத்திலிருந்து தொடங்குவோம். பாலத்தின் கல், மதகின் மேடை, கட்டடத்தின் அடிவிளிம்பு என்று நகராத எதிலாவது ஒரு சிவப்பு முக்கோணம் வரைந்து, அதன் உயரத்தை எழுதிவைப்போம். அங்கிருந்து அளந்துகொண்டே போய், கடைசியில் உயரம் தெரிந்த ஒரு குறியில் முடிப்போம். கணக்கு ஒத்துவந்தால் அளவு சரி; இப்படி முடிப்பதற்கு க்ளோசிங் என்று பெயர். தொடங்கிய குறியிலேயே திரும்பி வந்து முடிப்பதும் உண்டு. நிறையப் பேர் அப்படித்தான் செய்வார்கள். சார் மட்டும் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். வேறொரு குறியில் போய் முடிக்கச் சொல்வார்.

கால்வாயின் மேல்பாதி, எங்கள் வீட்டுப் பக்கம், என் பொறுப்பு. வெள்ளானூர்ப் பக்கத்துக் கீழ்பாதியை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வெட்டினார்கள். அவர்களுடைய அளவையாளர் சுரேஷ். நாங்குநேரியிலிருந்து வந்த துடிப்பான பிள்ளை.

ஐப்பசி பிறந்து நடு மண்சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. சார் பார்வையிட வந்தார். வானம் மூட்டமாக இருந்தது. சுரேஷ் ஓடி வந்தான்.

“சார், க்ளோசிங் ஜீரோ சார்! ஒரு மில்லிமீட்டர் கூட தப்பல.”

“அப்படியா! எங்க ஆரம்பிச்சே தம்பி?”

“வெள்ளானூர்ப் பக்கம் ஒரு வீட்டுச் சுவத்துல பழைய குறி இருக்கு சார். மேடம் முன்னாடி போட்டதுதான்.”

“எங்க முடிச்சே?”

“அதுலயேதான் சார்.”

சார் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து மேரியும் வரவில்லை, கிரீமும் வரவில்லை. ஒரு முழு தேங்காய் பன் வந்தது. நான் அதுவரை அப்படியொன்றைப் பார்த்ததில்லை.

“எடுத்துக்கப்பா” என்று சுரேஷிடம் நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். “கருவியை இந்தச் சுவர் மேலயே வைம்மா. ரெண்டு பக்கத் தரையையும் இங்கிருந்தே பார்த்துடு.”

எளிமையான சோதனை. இதற்கு எந்தக் குறியும் வேண்டாம். நடுவில் மட்டம் பார்க்கும் கருவியை நிறுத்தி, அளவுகோலை ஒரு முறை என் பக்கத் தரையில் வைத்துப் பார்க்க வேண்டும், ஒரு முறை சுரேஷ் பக்கத் தரையில். இரண்டும் ஒன்றாக வரவேண்டும். இரண்டு பக்கமும் சேறும் தண்ணீருமாக இருந்ததால் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பார்த்தேன். மறுபடி பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறையும் பார்த்தேன்.

சுரேஷ் பக்கத் தரை மூன்று அடி மேலே இருந்தது.

தண்ணீர் போகவேண்டிய பக்கம் மேடு. வரவேண்டிய பக்கம் பள்ளம். இப்படியே உடைத்தால், கீழ்பாதியில் நிரம்பும் மழையெல்லாம் திரும்பி எங்கள் தெருவுக்குத்தான் வரும். நாலு சாண் இறக்கம் மொத்தமாகக் காணாமல் போயிருந்தது. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பரணில் இருக்கும் புத்தகப் பை.

நான் மதகில் தொடங்கி, ரயில் பாதைப் பாலத்தில் முடித்திருந்தேன். எனக்கு இரண்டு சாட்சி உண்டு. ஆனாலும் அந்த நேரத்தில் நம்பிக்கை வருமா? நான்தான் மூன்று அடி கூடுதலாக வெட்டிவிட்டேனோ என்று என் குறிப்பேட்டைப் புரட்டினேன். சுரேஷின் கையில் பன் அப்படியே இருந்தது.

“வாங்க, அந்தக் குறியைப் போய்ப் பார்த்துட்டு வருவோம்” என்றார் சார், ஏதோ உறவினர் வீட்டுக்குக் கிளம்புவதுபோல.

அது ராணியம்மாவின் வீடு. முன்பக்கத்தில் இட்லி மாவுக் கடை. பல வருடங்களுக்கு முன், இந்தத் திட்டத்துக்கு முதன்முதலில் அளந்தபோது, வீட்டின் அடியில் ஓடும் கான்கிரீட் விளிம்பில் நான்தான் அந்த முக்கோணத்தை வரைந்தேன். திட்டம் பிறகு கிடப்பில் கிடந்ததால் அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. ராணியம்மா என்னை மறந்திருந்தார்.

“இன்னாம்மா, ஆபீசருங்கல்லாம் கும்பலா வந்துகீறீங்க? ஊட்ட இடிக்கப் போறீங்களா?”

“இல்லம்மா. இங்க ஒரு சிவப்புக் குறி இருக்கும்...”

“நீதான் போட்டியா அத்த? தோ, பத்திரமா கீது. மூணு வாட்டி பெயிண்ட் அடிச்சோம், அத்த மட்டும் தொடல. கவர்மெண்டு குறி, அழிச்சா ஊட்டையே அழிச்சிருவாங்கன்னு எங்க ஊட்டுக்காரரு சொல்ட்டாரு. பொங்கலுக்குப் பொங்கல் நானே செவப்பு பூசி உட்றேன்.”

பூசியிருந்தார். மூன்று மூலையிலும் சந்தனப் பொட்டு கூட இருந்தது. நான் எழுதிய எண்ணும் அழியாமல் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அந்தக் குறியை அன்று மண்டியிட்டு வரைந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது அது என் மார்பு உயரத்தில் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் நான் அவ்வளவு குட்டையாகியிருக்க முடியாது.

“ஏம்மா, இந்தப் படியெல்லாம் எப்பக் கட்டினீங்க?”

“ஊட்டத் தூக்கினப்போதான்!”

“வீட்டை என்ன செஞ்சீங்க?”

“தூக்கினோம்மா! ஜாக்கி வெச்சு மூணு அடி. ரோட்ட ஏத்திகினே போனாங்க, ஊடு பள்ளத்துல பூட்ச்சு. மழ பேஞ்சா மாவு அண்டால்லாம் தெருவுல மெதந்துகினு போவும். அப்பால ஆளுங்க வந்து செவுத்த அடியில அறுத்து, சுத்தி ஜாக்கி வெச்சு, விசிலு ஊதினா அல்லாரும் ஒண்ணா ஒரு திருகு திருகுவாங்க. நான் உள்ள தோச ஊத்திகினு இருந்தேன். ஒரு தோச கூட கோணல, தெர்யுமா?”

சுரேஷ் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஜமால் சார் புதுப் படியைப் பார்த்தார், குறியைப் பார்த்தார், சந்தனப் பொட்டைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சத்தமே வராமல் தோள் குலுங்கும் சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“இன்னாத்துக்கு சிரிக்கிறாரு இந்த பாய்?” என்று ராணியம்மா என்னைக் கேட்டார்.

“சார், க்ளோசிங் ஜீரோ வந்துச்சே சார்” என்றான் சுரேஷ், அழுகிற குரலில்.

“வராம என்னப்பா செய்யும்? ஒரே ஆள்கிட்ட ரெண்டு தடவை கேட்டா ஒரே பதில்தான் வரும். அந்தக் குறி பாவம், பொய் சொல்லல. இருந்த இடத்துலதான் இருக்கு. வீடுதான் அதைத் தூக்கிக்கிட்டு மேல போயிருக்கு.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பன்னை இப்பவாவது சாப்பிடு. ரெண்டு கிலோமீட்டர், மூணு அடி இன்னும் தோண்டணும்.”

கீழ்பாதி முழுக்க இயந்திரங்கள் மறுபடி இறங்கின. பொக்லைன் ஓட்டிய டில்லிதான் பாவம். முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்ப இருந்தவர்.

“இன்னா மேடம், போன வாரம் ஷோக்கா கீதுன்னு சொன்னீங்களே?”

“ஒரு வீட்டைத் தூக்கிட்டாங்க டில்லி.”

“அதுக்கு நான் ஏன் பள்ளம் தோண்டணும்? அந்த ஊட்ட எறக்கச் சொல்லு மேடம், வேல முட்ஞ்சிடும்.”

இன்னும் கொஞ்ச தூரம் பாக்கியிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் தொடங்கியது விடவே இல்லை. முற்பகலில் எங்கள் தெருக்காரர்கள் ஒரு கூட்டமாக மண்சுவருக்கு வந்துவிட்டார்கள். தெருவில் கணுக்கால் தண்ணீர். கால்வாய் கண்ணெதிரே இருக்கிறது, நடுவில் ஒரு மண்சுவர். அதை ஏன் உடைக்கவில்லை என்று கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் மண்வெட்டியே கொண்டுவந்திருந்தார்.

“உன் ஊடும் அங்கதானே கீது? உன் பொண்ணும் உள்ளதானே கீது? தள்ளு, நாங்க ஒடைக்கிறோம்.”

“இப்ப உடைச்சா அந்தப் பக்கத் தண்ணியும் நம்ம தெருவுக்குத்தான் வரும், அண்ணே. இன்னும் தோண்டி முடியல.”

“அத்த முன்னாடியே ஒயுங்கா தோண்டறதுக்கு இன்னா?”

வீடு தூக்கிய கதையை அந்த மழையில் நின்று சொன்னால் மண்வெட்டி என் மேல்தான் விழும். நான் சுவரின் மேல் போய் நின்றேன். குடையைப் பிடித்துக்கொண்டு ஜமால் சாரும் வந்து பக்கத்தில் நின்றார். நீச்சல் தெரியாதவர் அவர். தண்ணீர் அருகே நிற்கும்போது எப்போதும் எதையாவது பிடித்துக்கொள்வார். அன்று என் ரெயின்கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

மாடி வீட்டு அக்காவோடு யாழினி படிக்கட்டில் பத்திரமாக உட்கார்ந்திருந்தாள். அக்காவின் போனிலிருந்து எனக்கு நேரடி ஒலிபரப்பு.

“அம்மா, தண்ணி வாசல்படிக்கு வந்துடுச்சு.”

“நீ மேலயே இரு.”

“அம்மா, உள்ள வந்துடுச்சு. உன் செருப்பு மெதக்குது. ஹால்ல சுத்திச் சுத்தி வருது.”

“அதை எடுக்க இறங்காதே!”

“நான் இறங்கல. அது நல்லாதான் மெதக்குது.”

அவள் குரலில் பயமே இல்லை. என் பல் மட்டும் தந்தியடித்தது. அந்த ஒரு பிற்பகலை நினைத்தால் இப்போதும் உள்ளுக்குள் ஏதோ அசைகிறது. போன வாரம் ரயில் நகர்ந்தபோதும் அதேதான் அசைந்தது.

மழை கொஞ்சம் தணிந்த நேரத்தில் டில்லி ஹாரன் அடித்தார். தோண்டி முடித்துவிட்டார். கூட்டம் சுவர்மேல் பாய்ந்தது. சார் கையைத் தூக்கினார்.

“ரெண்டாவது சாட்சி.”

அந்தக் கூச்சலுக்கு நடுவில் கருவியை நிறுத்தினேன். சுரேஷ் இடுப்பளவு சேற்றில் இறங்கி அளவுகோலைப் பிடித்தான். முதலில் என் பக்கம். பிறகு அவன் பக்கம். பிறகு ஓடையின் பாலத்தில் இருந்த இன்னொரு குறியிலிருந்து அவன் அன்று காலையே எடுத்துவைத்திருந்த அளவு. எல்லாம் ஒத்துவந்தது. சார் என்னைப் பார்த்தார். நான் டில்லியைப் பார்த்துத் தலையாட்டினேன்.

பொக்லைன் ஒரு வாய் மண் எடுத்தது. இன்னொரு வாய். சேறு கலங்கி, தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரு கணம் அப்படியே நின்றது. ஜமால் சாரின் டீ அன்று யோசித்த மாதிரியே யோசித்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“யாழி, செருப்பு என்ன செய்யுது?”

“சுத்துது.”

“இப்போ?”

“சுத்துது... அம்மா, நின்னுடுச்சு.”

“அப்புறம்?”

“போகுது! அம்மா, செருப்பு போகுது!”

“எந்தப் பக்கம்டி?”

“வாசப்பக்கம்! வெளிய போயிடுச்சு! அம்மா, அது உன்கிட்டதான் வருது!”

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. மழை பெய்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. எதிர்வீட்டுக்காரர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, “சொம்மா எடுத்தாந்தேன் இத்த” என்று முணுமுணுத்தபடி போனார். ஜமால் சார் என் ரெயின்கோட்டை விட்டார். பிஸ்கட் எதுவும் தரவில்லை. வேலை சரியாக நடந்தால் அவர் எதுவும் தருவதில்லை.

செருப்பு என்னிடம் வந்து சேரவில்லை. ஓடைக்குப் போயிருக்கும்.

அதன்பிறகு எங்கள் தெரு வீடுகளுக்குள் தண்ணீர் வரவில்லை. இப்போது வருகிற பிள்ளைகள் செயற்கைக்கோளை வைத்து உயரம் பார்க்கிறார்கள். நல்லதுதான். செயற்கைக்கோளை யாரும் ஜாக்கி வைத்துத் தூக்கமாட்டார்கள்.

இதை எழுதும் முன், எல்லாம் சரியாக நினைவிருக்கிறதா என்று பார்க்க இன்று காலை வெள்ளானூர்ப் பக்கம் போய் வந்தேன். குறி இருக்கிறது. புதுச் சிவப்பு, புதுச் சந்தனம். ராணியம்மாவுக்கும் முட்டி வலி. என்னைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது.

“ஏம்மா, அம்மாம் பாடுபட்டு ஊட்டத் தூக்கினோமே, இத்தினி வருசத்துல ஒரு வாட்டியாச்சும் தண்ணி வந்துதா? கால்வா வெட்டறேன், கால்வா வெட்டறேன்னு வந்து எல்லாத்தையும் கெடுத்த. படி ஏறி எறங்கியே என் முட்டி பூட்ச்சு. மாவு வாங்க வர்றவங்கல்லாம் என்னத் திட்றாங்க.”

“மன்னிச்சுக்கங்கம்மா.”

“அத்த உடு. பொண்ணு எங்க?”

சொன்னேன். பாலைவனம், அறுநூறு கிலோமீட்டர் எல்லாவற்றையும். ராணியம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மாவு ஒரு பொட்டலம் கட்டி என் கையில் வைத்தார்.

“அம்மாந்தூரமா? செரி, பயப்படாத. வேலய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, சுத்துப்பட்டுல எவனாச்சும் ஊட்டத் தூக்கிகீறானான்னு ஒரு தபா பாத்துக்கச் சொல்லு.”